அவள் பார்த்துக்கொள்வாள்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையில் காற்றுக்குக் கிழக்கு ஒன்றே திசை. கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து கணவாய் வழியாக நுழையும் அந்த வறண்ட காற்று தை முடியும்வரை ஓய்வதில்லை. இரவெல்லாம் பனைமட்டைகள் உரசிக்கொண்டே இருக்கும். உதடு வெடிக்கும், குதிகால் பிளக்கும், கொடியில் போட்ட துணி எடுக்கப் போவதற்குள் வேலியில் கிடக்கும். கூட்டி முடித்த திண்ணையில் மறுபடியும் மண். மூடிவைத்த குடத்துத் தண்ணீரிலும் நாக்கில் நெறுநெறுவென்று ஏதோ தட்டுப்படும். ஒரு நாளில் எத்தனை தடவை கூட்டினோம் என்று கூட்டுகிறவளே நினைத்துப் பார்ப்பதில்லை. சில ஆண்டுகளாக இந்தக் காற்றோடு சேர்ந்து எனக்கு ஒரு சஞ்சலமும் வந்துவிடுகிறது. கல்யாண வீட்டுப் பந்தியிலோ ரேஷன் கடை வரிசையிலோ யாராவது ஒருத்தியைப் பற்றிச் சொல்லும் பாராட்டுதான் அதைக் கிளப்பிவிடும். "அவ இருக்கற வரைக்கும் அந்த ஊட்டுக்கு ஒரு கொறையும் இல்லீங்க. எல்லாத்தையும் அவ பாத்துக்குவா." சொல்பவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். கேட்கும் அவளுக்கும் முகம் மலர்கிறது. அதில் என்ன பிழை என்று யாராவது கேட்டால் சட்டென்று எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. ஆனாலும் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வந்த இரவுகளில் எனக்குத் தூக்கம் சரியாக வருவதில்லை.

பருவம் கார்த்திகை முதல் தேதியிலேயே தொடங்கிவிடுகிறது. வீட்டு ஆண்கள் ஐயப்பனுக்கு மாலை போடுகிறார்கள். மண்டலம் 41 நாள். விரதம் மாலை போட்டவருடையது. அவர் எழும் முன்னே குளித்து அடுப்பு மூட்டுவதும், தனிப் பாத்திரம் தனிப் பாய் என்று ஒழுங்கு பார்ப்பதும், கறுப்பு வேட்டியை மாற்றி மாற்றித் துவைப்பதும், இருமுடி கட்டும் நாளில் வரும் உறவுக்கெல்லாம் பந்தி போடுவதும் இன்னொருத்தியின் விரதம். அதற்கு நடுவிலேயே பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் பரீட்சை வந்துவிடும். இரண்டாம் போக நெல் வயலில் நிற்கும், கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் தப்பினால் பதர்தான் மிஞ்சும். ஜனவரியில் முதலமடைத் தோப்புகளில் மாங்காய் இறங்கத் தொடங்கும். நாட்டில் மற்ற இடங்களில் மரம் பூத்து நிற்கும்போதே இங்கிருந்து பெட்டி சந்தைக்குப் போய்விடும், தரம் பிரித்து அடுக்கப் பெண்கள் வேண்டும். பொங்கலுக்கு முதல் நாள் காப்புக்கட்டு. வெள்ளையடித்து, பரண் இறக்கி, வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் தேடி அலைய வேண்டும். மாசியில் அறுவடை. அதே மாசியில் சித்தூர் பகவதி கோயிலில் கொங்கன்படை. கொங்கு மன்னனின் படையை விரட்டியடித்ததாகச் சொல்லும் அந்தத் திருவிழாவைக் கொங்கு வழி வந்த எங்கள் வீட்டாரும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அது தனியாக எழுத வேண்டிய விஷயம். மார்ச்சில் எஸ்.எஸ்.எல்.சி. அதோடு பருவம் முடிந்தது என்று சொல்கிறோம். வெயில் தொடங்குகிறது, குழாயில் தண்ணீர் நிற்கிறது, அது வேறு பருவம்.

இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் இருக்கிறது. அந்த நேரத்துக்கு ஒரு சொந்தக்காரரும் இருக்கிறார். பால் சொசைட்டிக்குக் காலையிலும் மாலையிலும் குறித்த நேரம் உண்டு, வண்டி கிளம்பிவிட்டால் கறந்த பால் வீட்டில்தான். சித்தூர் வட்டாரம் கேரளத்தின் பால்தொட்டிகளில் ஒன்று என்பதால் அந்த இரண்டு நேரங்களைச் சுற்றித்தான் எங்கள் ஊர்களின் நாள் முழுவதும் சுழல்கிறது. வாய்க்காலில் தண்ணீர் எப்போது வரும் என்பது எங்கள் ஊரில் முடிவாவதில்லை. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தாகி 1958 முதல் நடப்பில் இருப்பதாகக் கொள்ளப்பட்டது. மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. என்பது கேரளத்தின் பங்கு. இரு மாநில அதிகாரிகள் கூடிப் பேசி ஆழியாற்றில் திறந்தால், மூலத்தறையில் பிரிந்து, கடைசியில் ஒரு பின்னிரவில் எங்கள் மடைக்கு வந்து சேரும். தொழிலுறப்பு என்று நாங்கள் சொல்லும் ஊரக வேலை உறுதித் திட்ட வேலைக்குப் போகிறவர்களைக் கைப்பேசிச் செயலியில் நாளுக்கு இரண்டு முறை படம் எடுத்து வருகை பதிய வேண்டும் என்பது 2023 ஜனவரி முதல் கட்டாயமானது. நடுவில் ஒரு எட்டு வீட்டுக்கு ஓடிவந்து மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டுப் போகும் வழக்கம் அதோடு போயிற்று. மாமியாரின் பென்ஷன் நிற்காமலிருக்க அக்ஷயா மையத்தில் அவரை உட்காரவைத்து விரல் பதிக்க வேண்டும், அதற்கும் கடைசித் தேதி உண்டு. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் மதியம் இரண்டு மணிக்கு. அந்த இரண்டு மணியை வைத்தவர்களில் நானும் ஒருத்தி. ஆசிரியர்களான எங்களுக்கு அதுதான் தோதான நேரம்.

தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் ஒன்றைக்கூட அநியாயம் என்று சொல்ல முடியாது. பால் கெட்டுப்போகும் பொருள், வண்டி காத்திருக்க முடியாது. தண்ணீர் பங்கிட வேண்டிய பொருள், முறை வைத்துத்தான் விட வேண்டும். பொய் வருகைப் பதிவைத் தடுக்க வேண்டும் என்பதும் நியாயமே. ஆனால் பால் சொசைட்டிக்குப் பள்ளிக்கூடத்தின் நேரம் தெரியாது, பள்ளிக்கூடத்துக்கு வாய்க்காலின் முறை தெரியாது, பஞ்சாயத்துக்கு மாந்தோப்பு வேலைக்கு ஆளேற்றும் ஜீப் எப்போது வரும் என்று தெரியாது. இத்தனை அட்டவணைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும் அலுவலகம் எதுவும் எந்த அரசாங்கத்திடமும் இல்லை. அவை சந்தித்துக்கொள்ளும் ஒரே இடம் ஒரு பெண்ணின் தலை. அங்கே மோதினால் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்கவைப்பது அவள் பொறுப்பு. விட்டுக்கொடுக்க எதுவும் இல்லாதபோது தன் தூக்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறாள். எல்லாத்தையும் அவ பாத்துக்குவா என்ற பாராட்டு என்னை உறுத்துவதன் காரணம் இதற்குப் பக்கத்தில் எங்கோ இருக்கிறது.

எல்லை ஊர் என்பதால் எங்களுக்கு எல்லாம் இரண்டிரண்டாக வருகிறது. கேரள அரசு பொங்கலுக்கு ஆறு மாவட்டங்களுக்கு மட்டும் உள்ளூர் விடுமுறை தருகிறது, பாலக்காடு அதில் ஒன்று. ஒரே ஒரு நாள். பொள்ளாச்சியிலும் கிணத்துக்கடவிலும் இருக்கிற சொந்தங்களுக்கு மாட்டுப்பொங்கலும் விடுமுறை, அதற்கடுத்த நாளும் விடுமுறை. அவர்கள் குடும்பத்தோடு வந்து இறங்கும் காலையில் எங்கள் பிள்ளைகள் புத்தகப்பையோடு பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வர்ணம் பூசி, பட்டியில் பொங்கல் வைத்து, விருந்துக்கு இலை போட்டு, அதற்கிடையில் ஒரு டிபன் டப்பாவும் கட்டியாக வேண்டும். ஓணத்துக்கு இது அப்படியே தலைகீழ். இங்கே பள்ளிக்குப் பத்து நாள் லீவு, கோயம்புத்தூர்க் கம்பெனியில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு லீவு கிடையாது, பிள்ளைகளை யார் பார்ப்பது என்ற கேள்வி அந்தப் பத்து நாளும் அம்மாவுடையது. பாஷையும் இந்தக் கணக்கில் சேரும். தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதில் பெறலாம் என்று 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. கையில் கிடைக்கும் படிவம் பெரும்பாலும் மலையாளத்தில்தான் இருக்கிறது. தமிழ் மீடியத்தில் படித்த தாய் அதை எடுத்துக்கொண்டு, மலையாளம் படிக்கும் மகள் பள்ளி விட்டு வரும்வரை காத்திருக்கிறாள், அல்லது பக்கத்து வீட்டுக்காரரின் வேலை முடியும்வரை. உரிமை மறுக்கப்பட்டது என்று இதை யாரும் சொல்லப்போவதில்லை. ஒரு பிற்பகல் போயிற்று, அவ்வளவே. அந்தப் பிற்பகல்களையெல்லாம் கூட்டினால் ஒரு ஆயுளில் எவ்வளவு வரும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

எங்கள் தெருவில் ஒருத்தி இருக்கிறாள். பெயர் வேண்டாம். இரண்டு கறவை மாடு, தொழிலுறப்பு வேலை, பத்தாம் வகுப்பில் ஒரு பையன், கீழே ஒரு பெண், சர்க்கரைக்கு மருந்து சாப்பிடும் மாமியார். புருஷன் கள் இறக்குகிறவர். சித்தூர்த் தோப்புகளிலிருந்து விடியற்காலையில் தெற்கு மாவட்டங்களுக்குக் கள் வண்டிகள் போகின்றனவே, அதில் அவர் இறக்கிய கள்ளும் இருக்கும். அவர் உழைப்பைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. தென்னையின் பாளையை நாளுக்கு இரண்டு மூன்று முறை ஏறித் தட்டிச் சீவ வேண்டும், ஒரு நாள் விட்டாலும் பாளை கெடும். மழையென்றும் காய்ச்சலென்றும் பாளைக்குத் தெரியாது. கை பிசகினால் உயிரே போய்விடும். இந்த ஊரில் அவரளவுக்கு நேரத்துக்குக் கட்டுப்பட்ட ஆண்கள் சிலரே. ஆனால் அவரைக் கட்டுவது ஒரு நேரம். அந்த நேரத்துக்கு எல்லோரும் மரியாதை கொடுக்கிறார்கள். அவர் மரத்தில் இருக்கும்போது யாரும் கீழே நின்று ரேஷன் கார்டு எங்கே என்று கேட்பதில்லை. இறங்கி வந்தபின் அவர் உட்கார்ந்தால், அவர் உட்காரத்தான் வேண்டும் என்று வீடு முழுவதும் ஒத்துக்கொள்கிறது. அவளைக் கட்டும் நேரங்களோ பல. அவற்றில் எதற்கும் அந்த மரியாதை கிடையாது. பால் கறந்துகொண்டிருக்கிறாள் என்பதற்காக யாரும் எதையும் கேட்காமல் இருப்பதில்லை. மடியில் கை இருக்கும்போதே சாக்ஸ் எங்கே, சாவி எங்கே, மாத்திரை சாப்பாட்டுக்கு முந்தியா பிந்தியா என்று குரல்கள் வருகின்றன. அவள் திரும்பிப் பார்க்காமலே பதில் சொல்கிறாள். எல்லாப் பதிலும் சரியாக இருக்கிறது. எனக்குத் திகைப்பாக இருப்பது அந்தச் சரிதான்.

இந்தியாவில் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு என்று ஒன்று நடக்கிறது. 2019இல் வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளுக்குச் சராசரி 299 நிமிடம், ஆண்கள் 97. 2024இல் அது 289, 88 என்று ஆகியிருக்கிறது. இருவருக்குமே குறைந்திருக்கிறது, இடைவெளி அப்படியே நிற்கிறது. 2021 ஜனவரியில் உச்சநீதிமன்றம் ஒரு சாலை விபத்து வழக்கில் அந்த 2019 கணக்கை எடுத்துச் சொல்லி, இல்லத்தரசியின் உழைப்புக்கு மதிப்புப் போட்டே ஆக வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் இறந்துபோன ஒருத்திக்கு இழப்பீடு நிர்ணயிக்கும் வழக்கில்தான் அவள் நிமிடங்களுக்கு அந்த மதிப்பு கிடைத்தது என்பது மனதைப் பிசைகிறது. கணக்கெடுப்பு நாளை அரை மணி அரை மணியாகப் பிரிக்கிறது, ஒரு கட்டத்தில் பல வேலைகள் நடந்திருந்தால் பத்து நிமிடமாவது நீடித்ததை எழுதிக்கொள்கிறது. மாமியாரின் மாத்திரை நாளை மறுநாள் தீர்ந்துவிடும் என்று நினைவு வருவது எத்தனை நிமிடம்? வியாழக்கிழமை மடைமுறை வந்தால் புதன் இரவே மாவு ஆட்டிவிட வேண்டும் என்று மனதில் முடிச்சுப் போட்டுக்கொள்வது எந்தக் கட்டத்தில் விழும்? அது வேலைக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது, தூக்கத்துக்கு அடியிலும் ஓடுகிறது. ஆர்லி ஹாக்ஷைல்ட் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1989இல் 'தி செகண்ட் ஷிப்ட்' என்ற புத்தகம் எழுதினார். வேலைக்குப் போய் வரும் பெண்ணுக்கு வீட்டில் இன்னொரு ஷிப்ட் காத்திருக்கிறது என்று ஆலைக்காரர்களின் சொல்லிலேயே காட்டிய புத்தகம். அதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் கொழிஞ்சாம்பாறைக்கு அது முழுதாகப் பொருந்துகிறதா என்று சந்தேகம் வரும். ஷிப்ட் என்றால் ஒன்று முடிந்து சங்கு ஊதிய பிறகு அடுத்தது தொடங்கும். இங்கே எதுவும் முடிந்து எதுவும் தொடங்குவதில்லை. வாய்க்கால் வரப்பில் புல் செதுக்குகிறவளின் இடுப்பில் இருக்கும் கைப்பேசியில் பள்ளிக்கூட வகுப்புக் குழுவின் செய்தி வந்து விழுகிறது. பெண்களின் சேமிப்புக் குழுவான அயல்கூட்டம், சொசைட்டி, அங்கன்வாடி என்று எல்லாக் குழுக்களிலும் இருப்பது அவள் எண்தான். பிள்ளையைச் சேர்க்க வரும் வீடுகளில் அப்பாவின் கையெழுத்து கிடைக்கிறது, தொடர்பு எண் மட்டும் அம்மாவுடையது. பதிவேட்டைப் புரட்டினால் பக்கம் பக்கமாக அப்படித்தான்.

இங்கே எனக்கு ஒரு தயக்கம். இது சுமை மட்டும்தானா? எல்லாம் தெரிந்தவள் என்பதில் ஒரு அதிகாரமும் இருக்கிறது. என் அம்மிச்சி காலத்தில் குதிரிலிருந்து நெல் எடுக்கவும் அவளைக் கேட்க வேண்டும், வேலையாளுக்கு எண்ணெய் ஊற்றவும் அவளைக் கேட்க வேண்டும். நிலம் அவள் பெயரில் இல்லை, சொல்லும் சபையில் ஏறாது. ஆனால் எது எங்கே இருக்கிறது என்பது அவளுக்கு மட்டுமே தெரியும், அதை அவள் யாருக்கும் சொல்லித்தரவில்லை. மருமகளுக்குக்கூடச் சொல்லித்தரவில்லை. அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' ஒரு ராஜஸ்தான் குடும்பத்துக் கதை. அந்தச் சமையலறையின் இருட்டையும் அங்கே பெண்கள் பற்றிக்கொண்டிருக்கும் ஆட்சியையும் அது ஒன்றாகக் காட்டியதால்தான் இன்றும் அந்தக் கதை மனதைவிட்டுப் போக மறுக்கிறது. உன் பாரத்தைக் கொஞ்சம் கொடு என்று ஒருத்தியிடம் சொல்லும்போது, அவளுக்கு இருக்கும் ஒரே பிடியையும் கேட்கிறோம் என்றாகிவிடுகிறதே. அதனால்தான் பல பெண்கள் சங்கடப்பட்டுச் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுகிறார்கள் என்று நினைக்கிறேன். வேறு பிடிகள் கிடைத்த பெண்கள் இதை விடத் தயங்குவதில்லை. வங்கிக் கணக்கும் ஒரு பங்கு நிலமும் உள்ளவளுக்கு அரிசிப் பானையின் அளவு தனக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஹர்த்தால் நாட்கள் நினைவுக்கு வருகின்றன. 2019 ஜனவரியில் கேரள உயர்நீதிமன்றம் ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று சொல்வதற்கு முன்பு, இரவில் அறிவித்துக் காலையில் எல்லாம் அடைத்துவிடுவார்கள். பஸ் இல்லை, கடை இல்லை, பள்ளி இல்லை. எல்லையிலுள்ள வேலந்தாவளம் தாண்டினால் அந்தப் பக்கம் கடைகள் வழக்கம்போலத் திறந்திருக்கும், இந்தப் பக்கம் தெருவில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள். ஒரு மாநிலம் முழுவதும் நின்றுபோன நாளிலும் நிற்காத வேலைகள் எவை என்று அன்றைக்குத்தான் கண்ணுக்குத் தெரியும். மாடு, அடுப்பு, கிழவியின் மாத்திரை, கூட்டக் கூட்ட வந்து விழும் மண். கடையடைத்தவர் வீட்டில் இருக்கிறார், அவருக்குப் பதினொரு மணிக்கு ஒரு டீ. பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பசி அதிகம். எல்லோருக்கும் ஓய்வு கிடைக்கும் நாளில் ஒருத்திக்கு மட்டும் வேலை கூடுகிறது என்றால், அந்த ஓய்வை உண்டாக்கித் தருவதே அவள்தான்.

ஓய்வு எங்கே கிடைக்கிறது என்று அவர்களையே கேட்டால் வரும் பதில் விநோதமானது. தொழிலுறப்பு வேலையில் என்கிறார்கள். 2006இல் இந்தத் திட்டம் முதலில் வந்த மாவட்டங்களில் பாலக்காடும் ஒன்று. வேலைக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். வேப்பமர நிழலில் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, ஒருத்தி குழம்பை இன்னொருத்தி சோற்றில் ஊற்றி, அரை மணி பேச்சு. மண்வெட்டி பிடிப்பது வீட்டில் இருப்பதைவிட லேசு என்று கைகாய்த்த ஒரு அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அங்கே ஒரே வேலைதான், அதற்கு முடிவு உண்டு, எதிரில் இருப்பவள் எதையும் கேட்கமாட்டாள். 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் அயல்கூட்டமும் அப்படியே. வாரக் கூட்டம் என்பது பருவத்தின் நெருக்கடியில் இன்னொரு கடமை, வசூல், நோட்டு, கையெழுத்து. அதே கூட்டத்தில்தான் ஒரு மணி நேரம் முதுகைச் சுவரில் சாய்த்து உட்காரவும் முடிகிறது. எதைக் குறைக்கலாம் என்று வெளியிலிருந்து பட்டியல் போடுகிறவர்கள் முதலில் இதைத்தான் அடித்துவிடுவார்கள். அவர்களுக்கு முன்னே நின்று மறிக்க எனக்குத் தோன்றுகிறது.

பழைய காலத்தில் இப்படி இல்லை என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. நடவு வந்தால் ஊர் முழுக்க நடவு, அறுப்பு வந்தால் ஊர் முழுக்க அறுப்பு, எல்லா வீட்டுக்கும் ஒரே நெருக்கடி, ஒரே ஓய்வு. இன்றைக்கு அறுப்பு எந்திரம் தமிழ்நாட்டிலிருந்து வருகிறது. இரவு பத்து மணிக்கு ஃபோன் வந்தால் விடியலில் வயலில் ஆள் இருக்க வேண்டும், பக்கத்து வீட்டுக்கு அது அடுத்த வாரம். எல்லோருக்கும் வேலை, ஆனால் வெவ்வேறு நேரத்தில், அதனால் ஒருவருக்கொருவர் கைகொடுக்க முடிவதில்லை. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த ஒரே ஓய்வு யாருக்கு இருந்தது என்று கேட்காமல் இதை ஏற்க மாட்டேன். பெரிய வீட்டுப் பெண்களின் நேரத்தைத் தலித் பெண்களும் எரவாளர் பழங்குடிப் பெண்களும் தங்கள் நேரத்தால் நிரப்பினார்கள். அவர்கள் பிள்ளைகளை யார் பார்த்தார்கள் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. அந்த எரவாளர் சமூகத்தில் பிறந்தவர் பிளாச்சிமடை மயிலம்மா. எங்களுக்கு அடுத்த பெருமாட்டிப் பஞ்சாயத்தில் இருக்கும் அந்தப் பிளாச்சிமடையில் 2000இல் கோகோ கோலா ஆலை வந்தது. கிணற்று நீர் குடிக்கவும் சமைக்கவும் ஆகாமல் போனது. 2002 ஏப்ரலில் மயிலம்மா முன்னின்ற போராட்டம் தொடங்கியது, 2004இல் ஆலை நின்றது, 2007இல் மயிலம்மா காலமானார். நிலத்தடி நீர் பற்றியும் பன்னாட்டு நிறுவனம் பற்றியும் நிறைய எழுதியாகிவிட்டது. நான் அதை இன்னொரு விதமாகவும் பார்க்கிறேன். வாசலில் இருந்த கிணறு கெட்டபோது குடத்தோடு நடக்க வேண்டிவந்தவர்கள் பெண்கள். ஏற்கெனவே ஓட்டையே இல்லாமல் நிறைந்திருந்த ஒரு நாளுக்குள் அந்த நடை வந்து புகுந்தது. கூலிக்குப் போகும் காலை நேரத்தைத் தண்ணீர் தின்றது. கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010இல் 216.26 கோடி ரூபாய் இழப்பு என்று மதிப்பிட்டபோது அதில் கூலி இழப்பும் வாய்ப்பு இழப்பும் தனித் தலைப்பாக இடம்பெற்றன. பெண்கள் குடத்தோடு நடந்த நேரத்துக்கு ஒரு அரசு ஆவணம் விலை குறித்தது அபூர்வம். இழப்பீட்டுத் தீர்ப்பாய மசோதா 2011இல் சட்டமன்றத்தில் நிறைவேறியும் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. அந்த நடைக்கான கூலி இன்னும் பாக்கி நிற்கிறது.

எதற்கெல்லாம் நேரம் குறிக்கப்பட்டிருக்கிறது என்று இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டு வந்தேன். எதற்கு நேரம் குறிக்கப்படவில்லை என்பது எங்கள் தெருவுக்காரி விஷயத்தில்தான் எனக்குத் தெளிந்தது. கார்த்திகையிலிருந்தே அவளுக்கு உதிரப்போக்கு நிற்காமல் இருந்தது. பாலக்காட்டில் காட்டினாள், கர்ப்பப்பையில் கட்டி, எடுத்துவிட வேண்டும் என்றார்கள். எப்போது என்று டாக்டர் கேட்டபோது அவள் மனதுக்குள் அத்தனை அட்டவணைகளையும் புரட்டியிருப்பாள். மாலை போட்டிருக்கிறார், முடியட்டும். பொங்கல் போகட்டும். நெல் ஏறட்டும். பையனுக்கு மார்ச்சில் பரீட்சை. "மே மாசம் பாத்துக்கலாமுங்க டாக்டர், அப்பத்தான் எல்லாரும் சும்மா இருப்பாங்க" என்று சொன்னதாக என்னிடம் சாதாரணமாகத்தான் சொன்னாள். பாலுக்கு வண்டி இருக்கிறது, தண்ணீருக்கு மடைமுறை இருக்கிறது, பரீட்சைக்குத் தேதி இருக்கிறது. அவள் உடம்புக்காகக் காத்துநிற்கும் வண்டி எதுவும் இல்லை. அதனால் அது எல்லாவற்றுக்கும் பின்னால் போய் நின்றுகொண்டது. அத்தனை மாதமும் வெளிறிய முகத்தோடு சாணி அள்ளினாள், வரப்புக்குப் போனாள், மாட்டுப்பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கும் ஒரு தூக்கில் பொங்கல் கொடுத்தனுப்பினாள். நான் வாங்கி வைத்துக்கொண்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன்.

மே மாதம் ஆபரேஷன் நடந்தது. அவள் ஆஸ்பத்திரியிலும் பிறகு தாய்வீட்டிலும் இருந்த நாட்களில் அந்த வீடு தடுமாறியது, பிறகு நடந்தது. பையன் மாடு கறக்கப் பழகிக்கொண்டான். முதலில் எட்டி உதைத்தது, பின்பு விட்டுவிட்டது. கள் இறக்கிவிட்டு வந்து அவர் உலை வைத்தார். மாமியார் தன் மாத்திரையின் நிறத்தைத் தானே நினைவு வைத்துக்கொண்டார். சொசைட்டி பாஸ்புக் அடுக்களை அலமாரியிலிருந்து பையனின் மேஜைக்கு இடம் மாறியது. அவள் திரும்பி வந்ததும் அதைத் தேடினாள், அங்கே கண்டபோது முகம் கொஞ்சம் வாடியது. "நா இல்லாமயே எல்லாம் நடந்துருச்சு பாருங்க" என்றாள். அதில் நிம்மதியும் இருந்தது, வேறொன்றும் இருந்தது. பிறகு பாஸ்புக்கை எடுத்துப் பழைய அலமாரியில் வைக்கப் போனாள். அது அவன் மேஜையிலேயே இருக்கட்டும், பால் ஊற்றுவதும் அவனிடமே இருக்கட்டும் என்று நான் தடுத்தேன். "அவனுக்கு ஜூன்ல பிளஸ் ஒன் படிப்பு தொடங்குதுங்களே டீச்சர்" என்றாள். பிளஸ் ஒன் படிக்கிற பையன் விடியக்காலையில் பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்து குளித்துப் பள்ளிக்கூடம் வரலாம், வந்தால் நான் அவனுக்குப் பாடம் சொல்லித்தருகிறேன் என்றேன்.